தோல் போர்த்திய கிராமபோன்

இரண்டாவது அடியில் இன்பராஜின் உதடு கிழிந்தது. சாய்ந்தவன் கிடார்கள் தொங்கிய கம்பியைப் பிடித்தான். அது பிய்த்துக்கொண்டு கிடார்களோடு அவன் மேலேயே விழுந்தது.

"யார்கிட்ட காது குத்துற? ஆம்பூர்ல வந்து தோல் காட்டுறியா?" தௌசீப் அகமது மறுபடி கை ஓங்கினான். இசைக்கருவிக் கடை அவன் அண்ணன் நயீம் அகமதுவுடையது. நயீம் கல்லாவிலிருந்து எழவில்லை.

"விடுறா, கஸ்டமர் பாக்கறாங்க" என்றார், ஆளில்லாத கடையில்.

இன்பராஜ் விற்கக் கொண்டுவந்த பெட்டி கிராமபோன் மேசைமேல் திறந்து கிடந்தது. மூடித் தோலில் தௌசீப் பிளேடால் கீறியிருந்தான். கீறலுக்குள் நீலம் தெரிந்தது.

"வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டின்னியே. அப்ப இங்க ஆவாரம்பட்டைல ஊறின தோலு. உள்ள நீலமா இருக்கு பாரு, இது குரோம் மருந்துல பதம் பண்ணது. போன மாசம் டிரம்முல சுத்துனது. கட்டிங்ல இருந்தவன்தானே நீ, இதுகூடவா தெரியாது?"

தெரியும். ஷூ கம்பெனியில் தோல் வெட்டிப் பிழைத்தவன். கம்பெனி மூடியபின், பழைய வீடுகளில் செத்துக் கிடந்த கிராமபோன்களையும் வால்வு ரேடியோக்களையும் வாங்கிப் பாடவைத்து இந்த மாதிரிக் கடைகளில் விற்பனைக்கு வைத்து வந்தான். சென்னை ஓட்டல்காரர்கள் அலங்காரத்துக்கு வாங்கிப் போவார்கள். இந்தப் பெட்டிமேல் ஒட்டியிருந்த பழைய துணியைப் பூச்சி அரித்திருந்தது. கையிலிருந்த நல்ல தோலை இழுத்து ஒட்டினான். சென்னையில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தோல் பதனிட்டுப் பிழைக்கும் இந்த ஊரில் எந்தப் பொருளிலும் முதலில் தோலைத்தான் பார்ப்பார்கள் என்பது எப்படியோ மறந்துபோயிற்று. நயீம் போலி என்று சொல்லிவிட்டால் வேலூர் வரை எந்தக் கடைக்காரரும் அவனிடம் சரக்கு எடுக்கமாட்டார்.

"தோல்தான் புதுசு பாய். மோட்டார் அசல். ஒரு பாட்டு போட்டுக் காட்றேன்."

"நான் போடறேன் பாட்டு." தௌசீப் ஸ்குரூ டிரைவரால் மேல்தட்டைக் கழற்றிப் போட்டான். உள்ளே, இரும்புப் பட்டையைச் சுருட்டி அடைத்த ஸ்பிரிங் டப்பி. "சைனான்னு அடிச்சிருப்பான் பாரு இதுக்குள்ள."

கடைக்குள் வந்ததுமே கைப்பிடியைச் சுற்றி முழு முறுக்கு ஏற்றியிருந்தான் இன்பராஜ். முறுக்கோடு டப்பியைத் திறக்கக்கூடாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் நிறைய ரத்தம். துப்பாமல் விழுங்கினான். வார்த்தையும் அதோடு போயிற்று.

தௌசீப் மூடியை நெம்பினான்.

இரும்புப் பட்டை சீறிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளங்கையையும் சுட்டுவிரலையும் கிழித்து, கன்னத்தைச் சீவிப் போயிற்று. கீபோர்டுகள் மேல் ரத்தம் தெறித்தது. தௌசீப் தன் சுட்டுவிரல் தோலில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நயீம் துண்டோடு ஓடிவந்தார். "முறுக்கி வச்சிருந்தியா? தெரிஞ்சும் சும்மா நின்னியாடா?"

"அசல் ஸ்பிரிங் பாய்" என்றான் இன்பராஜ். "சைனான்னா இவ்ளோ வேகம் இருக்காது."

நயீம் கீழே கிடந்த கிடாரை எடுத்து அவன் முழங்காலில் அடித்தார். கிடார் உடையும்வரை அடித்தார்.

மறுநாள் வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் தௌசீபின் விரலை எடுத்துவிட்டார்கள். போலீசுக்கு யாரும் போகவில்லை. நயீம் கடை திறந்து கீபோர்டுகளைத் துடைத்தார். போனில் விசாரித்த கடைக்காரர்களிடம் மிஷின் அசல்தான் என்று சொன்னார். இன்பராஜிடம் எதுவும் எடுக்கவேண்டாம் என்றும் சொன்னார். இன்பராஜ் நொண்டிக்கொண்டு வாணியம்பாடி போனான். அங்கே ஒரு கடையில் அவன் விற்பனைக்கு வைத்திருந்த ரேடியோக்களைக் கடைக்காரர் வாசலில் எடுத்து வைத்திருந்தார். ஒரு ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான்.