பெயரில்லாத ஏழு சீட்டுகள்

நல்லெண்ணத்தோடு செய்த ஒன்று பிறரை அச்சுறுத்தினால், அந்த எண்ணத்துக்கு என்ன மதிப்பு? மலேசியாவில், செலண்டார் என்ற ஊரில் பதினாறு வயதில் நான்காம் படிவம் படித்தபோது இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது.

கணிதத் தேர்வில் தோற்றபின் என் தோழி யாரிடமும் பேசாமலிருந்தாள். நேரில் ஆறுதல் சொன்னால் கூசிப்போவாள் என்றெண்ணி, அவள் மேசைக்குள் பெயரிடாத சீட்டுகளை வைத்தேன். தமிழில் எழுதினால் வகுப்பிலிருந்த நான்கு தமிழ் மாணவிகளில் ஒருத்தி என்று தெரிந்துவிடும். ஆகவே மலாய் மொழியில், பெரிய எழுத்துகளில் எழுதினேன். ஏழாவது சீட்டில், "இன்று நீ சிரித்ததைப் பார்த்தேன்" என்றிருந்தது.

மறுநாள் அவள் அழுதுகொண்டே வந்தாள். "யாரோ பையன் என்னையே நோட்டம் விடுறான்டி. அம்மாகிட்ட எல்லாத்தையும் காட்டிட்டேன். உம்பாய் ஊர்ல இருக்கிற அத்தை வீட்டுல விட்டு ஸ்கூல் மாத்தப்போறாங்க."

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவள் அம்மா நம்பவில்லை.

"கூட்டாளிய விட மனசில்லாம பொய் சொல்றியா? அதே மாதிரி எழுதிக் காட்டு, பாப்போம்."

நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதினேன். சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தவர், நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டார்.

"ஐயோ, நீதானா! ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல லா."

தோழி என் முதுகில் ஓர் அடி வைத்தாள். "பக்கத்து மேசையிலதானடி உக்காந்திருக்க, வாயத் திறந்து சொன்னா என்ன?"

பள்ளி மாற்றும் பேச்சு அன்றோடு நின்றது. அதன்பின், யாருக்கு எதை எழுதினாலும் அடியில் என் பெயரைப் போடுகிறேன்.