வெட்டி எறிந்த பெயர்

தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் அந்த அக்கா ஆசையாகச் சேர்த்ததெல்லாம் பழைய அச்சுப் படங்கள்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் நாட்டியக்காரிகள், கோமாளிகள், கம்பியில் நடப்பவர்கள். பழைய சாமான் கடைகளில் தொண்டை வறளப் பேரம் பேசி வாங்கிய இருபத்து மூன்று படங்கள் சுவரில் சுண்ணாம்பு தெரியாதபடி தொங்கின. "இதுக்கு நாலு நல்ல புடவை வாங்கியிருக்கலாமே" என்பவர்களுக்கு ஒரு முறைப்புதான் பதில்.

அதில் ஒன்று அவளுக்கு உயிர். ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கும் ஒரு பெண். முகப்பூச்சில் ஆள் யாரென்றே தெரியாது. கீழே வெள்ளை ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்த பெயர்தான் சாட்சி. அது செத்துப்போன அவள் அம்மாவின் பெயர். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் சர்க்கஸில் பறந்தவள். பெரிய மனுஷனாகிவிட்ட தம்பியோ, அம்மா டிரில் டீச்சர் என்று மாமனாரிடம் புளுகி வைத்திருந்தான்.

அந்தப் படத்தின் கண்ணாடி விரிசல் விட்டபோது அவனாகவே வந்தான். "எங்க குடும்ப போட்டோவுக்கு பிரேம் போடப் போறேன்கா. இதையும் குடு, மாத்திட்டு வரேன்."

அவன் கரிசனத்தில் இடி விழ! அவளும் நம்பிக் கொடுத்தாள்.

படம் பளபளவென்று திரும்பி வந்தது. வெள்ளை ஓரம் இல்லை. பெயரும் இல்லை. போட்டது போட்டபடி பிரேம் கடைக்கு ஓடினாள்.

"உங்க தம்பி சொல்லித்தான்மா வெட்டினேன். அந்த எழுத்து வேண்டாம்னாரு."

"வெட்டின துண்டு எங்கய்யா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "துண்டு எதையும் எறியறதில்லம்மா. அடுத்த பிரேம்ல படம் ஆடாம இருக்கப் பின்னாடி சொருகிடுவேன்."

"அடுத்த பிரேம் யாருது?"

"உங்க தம்பி வீட்டு போட்டோதான்."

அங்கிருந்து நேராகத் தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

தம்பி வீட்டு ஹாலில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள், போட்டோவைக் கழற்றினாள், கைப்பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்தாள்.

தம்பி பதறி ஓடி வந்தான். "என்னக்கா பண்றே? உனக்கென்ன பைத்தியமா?"

"வாயை மூடுடா! பெத்தவ பேரை வெட்டச் சொன்ன வாய்தானே அது!"

பின்பலகை கழன்றது. அட்டைத் துண்டுகளுக்கு நடுவே, தம்பியின் தலைக்கு நேர் பின்னால், அந்த ஓரம் இருந்தது. அவள் அதை மாமனாரிடம் நீட்டினாள்.

"நீங்களே படிங்க. சத்தமா."

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெயரைப் படித்தார். பக்கத்தில் இருந்ததையும் விடாமல் படித்தார்: "ஊஞ்சல் ராணி." பிறகு நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார்.

"டிரில் டீச்சர்னீங்களே மாப்ளே?"