கேமிலும் லயம்தான்

இன்று மஸ்கெலியா பஸ்ஸில் மகள் தன் போனை நீட்டினாள். வீடு கட்டும் கேம்.

"செம கேம்ப்பா. நெலம் சும்மா கெடக்கு. எங்க வேணும்னாலும் கட்டலாம், யாரும் கேக்க மாட்டாங்க."

நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு பல அறைகளோடு ஒரு மாளிகை கட்டிக் காட்டினேன்.

சிரித்துவிட்டாள். "என்னாப்பா, இம்புட்டு எடம் இருக்கு, எல்லா காம்பராவையும் ஒரே வரிசையா ஒட்டி வச்சிருக்கீங்க? இது நம்ம தோட்டத்து லயம்ப்பா!"

அழித்துவிட்டுத் தனி வீடு கட்டினேன். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர் இல்லாமல் என்னவோ போலிருந்தது. இன்னொரு காம்பராவை ஒட்டிவிட்டேன்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தனி வீடு கட்ட அரசாங்கம் நிலம் தரும் என்று காத்திருந்தே அப்பா போய்விட்டார். நானும் காத்திருக்கிறேன். தந்தாலும் எனக்குக் கட்டத் தெரியாது போலிருக்கிறது.

இந்த கேமில் தனி வீடு கட்டியவர்கள் படம் போடுங்கள். பார்த்தாவது கட்டுகிறேன்.