பொங்கல் வைத்து மறைத்த பிள்ளைகள்

மருந்து லாரி முதல் தடவை எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்த காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் யார் யார் நின்றார்கள் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நின்றார், தொப்பியைக் கழற்றாமல். அவர் பக்கத்தில் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி, புதுத் தலைப்பாகையோடு. எதிரே வரிசையாகக் கங்காணியின் பேரப்பிள்ளைகள், கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பிள்ளைகள், கூலிக்காரர் லயத்தில் பிறந்தும் எப்படியோ சதைப்பற்றோடு வளர்ந்த சில பிள்ளைகள். எல்லாருக்கும் எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தது. நிற்காதவர்கள் என் தங்கையும், அவளைப் போலவே கைகால் குச்சியாகி வயிறு மட்டும் பானையாகத் தள்ளிப்போன பிள்ளைகளும். அவர்களில் ஒருத்தர்கூட அங்கே இல்லை.

லாரி டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. பின்கதவைத் திறந்தால் உள்ளே அடுக்கடுக்காகப் புட்டிகள். புண்ணுக்குக் கட்டுப் போடுவார்கள், பூச்சி மருந்து கொடுப்பார்கள், காய்ச்சலுக்குக் கொயினாத் தண்ணீர் ஊற்றுவார்கள். கூட வந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் முதலில் செய்தது பிள்ளைகளின் இடது விலா எலும்புக்குக் கீழே விரல்களால் அழுத்திப் பார்த்ததுதான். மலேரியாக் காய்ச்சல் அடிக்கடி வந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் மண்ணீரல் வீங்கிக் கல்லுமாதிரி இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகள் அதிகம் என்றால், கால்வாய் வெட்டு, கொசுவுக்கு எண்ணெய் அடி என்று துரைக்கு உத்தரவு வரும். துரைக்குச் செலவு. டிரெஸ்ஸருக்குக் கெட்ட பெயர். காய்ச்சல் தோட்டம் என்று தெரிந்தால் ஊரிலிருந்து கப்பலில் புது ஆள் வராது; ஆள் இறக்குவதில் கங்காணிக்கு வரும் வரும்படி போகும்.

"எல்லாப் பிள்ளையளும் இவ்வளவுதானோ?" என்று டாக்டர் கேட்டார்.

"அவ்வளவுதாங்க சார். நம்ம தோட்டத்துல காய்ச்சல் கம்மிங்க," என்றார் டிரெஸ்ஸர்.

அந்த நேரத்தில் என் தங்கை தோட்டத்தின் தூரத்து மூலையான நாலாம் டிவிஷன் முனியாண்டி கோயிலில், மழைக்கு ஒதுங்கக்கூட இடமில்லாத மேட்டில், காய்ச்சலோடு சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டிருந்தாள். கங்காணி கோயில் பூசை என்று சொல்லி, வயிறு வீங்கின பிள்ளைகளை மட்டும் பொறுக்கி அனுப்பியிருந்தார். லயத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சாமி காரியம். அதிலும் சர்க்கரைப் பொங்கல்.

நான் டவுனில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த எனக்கு இதெல்லாம் லாரி போன பிறகுதான் தெரிந்தது. அன்று சாயங்காலமே தங்கைக்கு நடுக்கம் கண்டது. கம்பளிக்கு மேல் கோணியைப் போட்டும் கட்டில் ஆடியது. பொழுது விடிந்ததும் டிரெஸ்ஸர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஐயா, தங்கச்சிக்கு முடியல. டவுன் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுங்க."

தோட்டத்துச் சீட்டு இருந்தால் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு தோட்டத்துக்குப் பில் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் எங்கள் கையிலிருந்து வெள்ளிப் பணத்தை எண்ணிக் கட்ட வேண்டும்.

"ஏன், நீதான் நாலெழுத்து படிச்சவனாச்சே. நீயே எழுதிக்கிறது," என்றார் டிரெஸ்ஸர். திண்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கங்காணி சிரித்தார். "சின்னதுரை வந்திருக்காருய்யா. நிக்க வெச்சுப் பேசுறீங்களே, நாற்காலி போடுங்க."

நாற்காலி வரவில்லை, சீட்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ரப்பர் பால்வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாய மூடிக்கிட்டு இரு. லயத்த விட்டு எறக்கிட்டான்னா மெர்லிமாவ் ரோட்டுலதான் படுக்கணும்," என்றார். அம்மா தங்கையின் வயிற்றில் வேப்பிலை அரைத்துப் பூசினாள். அந்தப் பச்சைப் பூச்சைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஆஸ்பத்திரி கிடைக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். அந்த இரண்டு பேரும் எல்லார் முன்னாலும் குறுகி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். எது எனக்குப் பெரிதாக இருந்தது என்று கேட்டால், அந்த நாட்களில் இரண்டாவதுதான் என்று சொல்லக் கூச்சப்படமாட்டேன்.

காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இரண்டு வாரம் கழித்து, அடுத்த லாரிக்கு முதல் நாள் தங்கை சந்தோஷமாக என் தோளைச் சுரண்டினாள். "அண்ணே, நாளைக்கு மறுபடியும் பொங்கலாம். கங்காணித் தாத்தா சொன்னாரு."

மறுநாள் விடியும் முன்பே பெம்பான் சாலையில் எங்கள் தோட்டத்து மண்பாதை பிரியும் இடத்தில் போய் நின்றேன். டாக்டரிடம் சொல்ல இங்கிலீஷில் ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். கை காட்டி லாரியை நிறுத்தியதும் அது மறந்துவிட்டது. தமிழில்தான் வந்தது.

"சார், நோயாளிப் பிள்ளைங்களை நாலாம் டிவிஷன்ல ஒளிச்சு வெச்சிருக்காங்க. நான் வழி காட்டுறேன்."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் பொய் சொன்னால் உம்மைத்தான் முதல்ல பூச்சி மருந்து குடிக்க வைப்பன். ஏறும்."

கோயில் மேட்டில் பிள்ளைகள் வாழையிலையோடு உட்கார்ந்திருந்தார்கள். லாரிச் சத்தம் கேட்டு, கங்காணி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கிடையே ஓடி வந்தார். பின்னால் சைக்கிளில் டிரெஸ்ஸர்.

"இது ஆருடைய பிள்ளையள்?" என்றார் டாக்டர்.

"பக்கத்துத் தோட்டத்துப் புள்ளைங்க சார். சாமி கும்பிட வந்துதுங்க," என்றார் கங்காணி. மூச்சு வாங்கியது, ஆனால் பொய் தடுமாறவில்லை. டிரெஸ்ஸரும் தலையாட்டினார். பிள்ளைகள் கங்காணியின் முகத்தைப் பார்த்தார்கள். எந்தத் தோட்டம் என்று டாக்டர் கேட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. என் தங்கைகூட. அவளைக் காட்டி என் தங்கை என்றேன்; பையன் பொய் சொல்கிறான் என்று கங்காணி அடித்துப் பேசினார்.

டாக்டர் தோளைக் குலுக்கினார். "எந்தத் தோட்டமெண்டாலும் காய்ச்சல் காய்ச்சல்தானே. மருந்தைக் குடுப்பம்." கொயினாப் புட்டியை எடுத்தார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். கொயினா கசக்கும் என்று பிள்ளைகள் வாயில் அடக்கி வைத்திருந்து துப்பிவிடுவார்கள். அதனால் விழுங்கினதும் பேரையும் லயத்து நம்பரையும் உரக்கச் சொல்ல வேண்டும். வாயில் மருந்து இருந்தால் சொல்ல முடியாது. சொல்லாத பிள்ளைக்குப் பிரம்படி. டிரெஸ்ஸர்தான் பழக்கியவர்; போன தடவை பெரட்டுக் களத்தில் டாக்டரும் இதைப் பார்த்திருந்தார்.

முதல் பிள்ளை விழுங்கியது. வாயை ஆவெனத் திறந்து காட்டியது. தன் பேரையும், மூணாம் லயம் எட்டாம் நம்பர் என்றும் கத்தியது. அடுத்தது, ஒண்ணாம் லயம். அடுத்தது என் தங்கை. கொயினா இறங்கின கையோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு பேரைச் சொன்னாள், அஞ்சாம் லயம் ரெண்டாம் நம்பர் என்றாள், பிறகு அடிக்குப் பயந்து டிரெஸ்ஸரைப் பார்த்து இன்னொரு தரமும் சொன்னாள்.

டாக்டர் புட்டியை மூடவில்லை. "பக்கத்துத் தோட்டமும் உம்மட பழக்கத்தைத்தான் படிச்சிருக்கு போல," என்று டிரெஸ்ஸரிடம் சொன்னார். "சொல்லட்டும். எல்லாரும் சொல்லட்டும்." கடைசிப் பிள்ளைவரை ஊற்றினார். ஒவ்வொரு நம்பருக்கும் நான் கங்காணியின் முகத்தைப் பார்த்தேன். தலைப்பாகையை அவிழ்த்து வியர்வை துடைத்தார். அவ்வளவு இனிப்பான காட்சியை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

முடியாத பிள்ளைகளை அந்த லாரியிலேயே ஏற்றினார்கள். தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். ஆயாக்கள் நல்லவர்கள் என்றும் கஞ்சியில் உப்பே இல்லை என்றும் சொன்னாள். கங்காணி எங்களை லயத்தைவிட்டு இறக்கினார், அப்பா சொன்னபடியே. டுரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. ஆனால் ஆஸ்பத்திரி பில் வந்தபோது துரை கையை விரித்தார். தனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக்கொடுத்துவிட்டு, மொத்தத்தையும் டிரெஸ்ஸர், கங்காணி இருவர் தலையிலும் போட்டார். டிரெஸ்ஸரை வேலையைவிட்டே நிறுத்தினார்.

படிப்பு முடிந்து நான் மெர்லிமாவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கிலீஷில் பெட்டிஷன் எழுதித் தருவேன் என்பது ஊருக்குத் தெரியும். போன மாதம் பெரிய கங்காணி வந்தார். தலைப்பாகை இல்லை. என்னை அடையாளம் தெரிந்ததும் திரும்பிப் போகப் பார்த்தார், எழுத வேறு ஆள் இல்லாததால் நின்றார்.

"தம்பி, துரைக்கு ஒரு பெட்டிஷன். இன்னும் சம்பளத்துல புடிக்கிறதக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லணும்."

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை. பேனாவைத் திறந்தேன்.

"எதுக்குப் புடிக்கிறாங்க?"

"உனக்குத் தெரியாதாப்பா?"

"நீங்க சொன்னாத்தான் எழுத முடியும்."

"ஆஸ்பத்திரிச் செலவுக்கு."

"எவ்வளவு?"

முணுமுணுத்தார். கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"காதுல விழலீங்க. ஒரக்கச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் தாளில் வைத்தேன்.

"டிரெஸ்ஸர் பங்கும் என் தலையில சேத்து," என்றார், இந்தத் தடவை தெருவரை கேட்கும்படி, "இருநூத்திப் பதினாறு வெள்ளி."