முகத்துவாரத்தில் ஒரு சட்டி மணல்

பங்கு மக்களே, முதலில் என் துக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் சந்தோஷத்தை மட்டும் சொன்னால் அதன் ருசி உங்களுக்குத் தெரியாது.

ராயபுரத்துக்கு வாழ வந்து நான் பெற்ற இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று மூச்சில்லாமலே பிறந்தது. மற்றதற்கு ஞானஸ்நானம் கொடுக்கத்தான் நேரம் இருந்தது. மூன்றாவது முறை உண்டானபோது, வாழ்த்துவதா ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் அக்கம்பக்கத்தார் விழித்தார்கள். நான் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று ஜெபிக்கவில்லை, சண்டை போட்டேன். இதையும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு தாயே, தொட்டிலுக்கு ஏணைச்சேலை எடுத்து வைக்காமல் இருக்கிறேன் என்றேன். பதில் வரவில்லை. அழுதேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. என் தாய்வீடு பழவேற்காட்டு ஏரியைத் தாண்டி, ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் கடலுமாக இருக்கிற மணல்திட்டில் ஒரு குப்பம். மாதா திருநாளுக்குப் போய் வருவதோடு சரி, பிரசவத்துக்கு மட்டும் அங்கே போக எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. முதல் தடவை யுத்த பயம். அடுத்த தடவை மாமியாருக்கு உடம்பு சரியில்லை. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு என்பது நம் வழக்கம்தானே, அதை மீறியதால்தான் இப்படி என்று என் மனம் அரித்துக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை அங்கேதான் என்று பிடிவாதமாக நின்றேன். பிள்ளை தங்கினால் வருஷம் தவறாமல் அதைத் தூக்கிக்கொண்டு திருநாளுக்கு வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் வேலை. உள்ளே வரும் கப்பல்களுக்குக் கயிறு கட்டுவார். தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவரைப் பொறுத்தவரை சர்வேசுரன் கிழமை பார்த்து உலகத்தைப் படைக்கவில்லை, ஏற்றவற்றம் பார்த்துத்தான் படைத்தார்.

வண்டியில் போனால் குலுங்கும், படகுதான் நல்லது என்று ராயபுரத்து மருத்துவச்சி சொல்லிவிட்டாள். வண்ணாரப்பேட்டைப் பக்கம் கால்வாயில் சவுக்கு விறகு இறக்கிவிட்டுத் திரும்பும் படகு ஒன்றில் என் வீட்டுக்காரர் இடம் பிடித்தார். நாங்கள் வரும் நாளை மீன்காரி ஒருத்தியிடம் சொல்லி அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிவித்தாயிற்று. சாயங்காலம் புறப்பட்டோம். எண்ணூர் தாண்டும்போது காற்று முகத்தில் பட்டது. எனக்கு வாய் நிறையச் சிரிப்பு.

வாடிக்கையாக ஆழமான படகுத் தடத்திலேயே போய்ப் பழவேற்காட்டு ஊர்த்துறையில் இறங்கி, அங்கிருந்து தோணி மாறி ஏரியைக் கடப்போம். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"இந்த ஒடம்போட இது தோணி மாற வேணாம். நேரா குப்பத்துக்கே வுடு" என்றார் படகுக்காரரிடம்.

"ஏரில தண்ணி கம்மியா இருக்குதுன்னு பேசிக்கறாங்க" என்றார் படகுக்காரர்.

"இன்னிக்கு பவுர்ணமி நைனா. ஹார்பர்ல தண்ணி கரை மேல ஏறும். இங்க மட்டும் ஏறாதா?"

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். என் வீட்டுக்காரர் ஆழமே இல்லாத இடத்தில் படகை விட்டார்.

ஏரியில் தண்ணீர் ஏற வேண்டுமானால் கடல் உள்ளே வரவேண்டும். கடல் உள்ளே வர முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து தள்ளி அந்த வாயை அடைத்துவிடும். பிறகு பவுர்ணமி வந்தாலும் அமாவாசை வந்தாலும் ஏரிக்குத் தெரியாது, அது பாட்டுக்கு வற்றிக்கொண்டே போகும். ஒவ்வொரு வருஷமும் குப்பத்து ஆட்கள் கூடி மணலை வெட்டி வாயைத் திறப்பார்கள். அந்த வருஷம் இன்னும் வெட்டவில்லை. ஹார்பர்க்காரருக்கு இது எப்படித் தெரியும்? அவருடைய கடலுக்கு என்றுமே வாய் அடைத்ததில்லை.

காலையில், குப்பத்துக் கூரைகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், படகு சேற்றில் குந்திவிட்டது. கழி ஊன்றித் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. இவர் இறங்கி நடந்துபோய் ஆள் கூட்டிவருகிறேன் என்று காலை வைத்தார். தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. படகுக்காரரும் அவருடைய ஆளும் சேர்ந்து அவரைப் பிடுங்கி எடுத்தார்கள். தோணி வரத் தண்ணீர் இல்லை, மனிதர் நடக்கத் தரையும் இல்லை.

வெயில் ஏற ஏற எனக்கு இடுப்பில் வலி கண்டது. நாள் இன்னும் ஒரு மாதம் இருந்தது. போன இரண்டும் இப்படித்தான் நாளாகுமுன் வந்தன. நான் யாரிடமும் சொல்லாமல் பாயை இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டேன். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமே, நோவுதா?"

"நோவுது."

அவ்வளவுதான் பேசினோம். படகுப் பாயை எனக்கு மேலே நிழலுக்குக் கட்டிவிட்டு, அந்தப் பெரிய மனுஷன் மூலையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஜெபமாலையை எடுத்தேன். மங்கள வார்த்தை ஜெபம் பாதியில் மறந்து போயிற்று. "தண்ணி குடு தாயே, தண்ணி குடு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். குடிக்கக் கேட்கிறேன் என்று நினைத்துப் படகுக்காரர் செம்பை நீட்டினார். நான் தலையாட்டி, ஏரியைக் கையால் காட்டினேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, தம் சாமியைக் கும்பிட்டார்.

வலி விட்டுவிட்டு வந்தது. மத்தியானம் கழிந்து வெயில் சாயும்போது, படகின் பக்கத்தில் ஒரு மடவை மீன் துள்ளி விழுந்தது. பிறகு இன்னொன்று. படகுக்காரர் எழுந்து கழியை இறக்கிப் பார்த்தார். கையில் அள்ளி நாக்கில் வைத்தார்.

"கடல் தண்ணி" என்றார்.

சேறு மறைந்தது. பலகைக்கு அடியில் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. படகு ஒரு தரம் முனகியது, பிறகு மிதந்தது. நான் வலியோடு சிரித்தேன். இவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதே நேரம் குப்பத்துப் பக்கமிருந்து ஒரு தோணி எங்களை நோக்கி வந்தது. முன்னால் நின்றவள் என் அம்மா. பின்னால் குப்பத்து மருத்துவச்சி.

அம்மா எங்கள் படகுக்குள் ஏறினதும் என் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அவள் கை சொரசொரவென்று இருந்தது. நகக்கண்ணெல்லாம் மணல், விரலெல்லாம் ரத்தம்.

"இன்னாம்மா கை?" என்றேன்.

"அது கெடக்குது. நீ மூச்ச வுடு" என்றாள்.

படகு குப்பத்தை நோக்கி நகர நகர, நிலா எழும்புகிற நேரத்துக்கு என் மகள் பிறந்தாள். சின்ன உருவம். ஆனால் அழுத அழுகை இருக்கிறதே, கரையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டதாம். "ஹார்பர் சங்கு மாரி கீதே" என்றார் அவள் அப்பா. அந்த நாளில் அவர் பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

நடந்தது என்னவென்று மருத்துவச்சி மறுநாள் எனக்குச் சொன்னாள். முகத்துவாரத்தை எந்த இடத்தில் வெட்டுவது என்று, அதன் இரண்டு பக்கத்திலும் இருக்கிற வடக்குக் குப்பத்துக்கும் தெற்குக் குப்பத்துக்கும் வழக்கு. வாய் திறக்கிற இடத்துக்காரர்களுக்குத்தானே முதல் இறால். அதனால் மண்வெட்டியைத் தொடாமல் வாரக்கணக்காகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அன்று காலையிலும் மணல்மேட்டில் அதே பேச்சு. அம்மா மீன் சட்டியோடு அந்தப் பக்கம் வந்தவள், ஏரி நடுவில் நகராமல் நிற்கிற படகைப் பார்த்திருக்கிறாள். வயிற்றுப்பிள்ளைக்காரி வரும் படகு அது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆம்பிளைகளிடம் போய்ச் சொன்னாள். பஞ்சாயத்து முடியட்டும் என்றார்கள்.

"நீங்க பேசிக்கினே இருங்க. எம் பொண்ணு அங்க சேத்துல கீறா" என்று சொல்லிவிட்டு, மணல் மெலிந்திருந்த இடத்தில் முழங்காலில் விழுந்தாள். அது வடக்குமில்லை, தெற்குமில்லை. சட்டியால் அள்ளிக் கொட்டினாள். ஒரு சட்டி மணலை எடுத்தால் அரைச் சட்டி சரிந்து உள்ளே விழும். சட்டி உடைந்தது. கையால் பறித்தாள். கொஞ்ச நேரத்தில் மருத்துவச்சி கூடையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு வடக்குப் பெண்கள், தெற்குப் பெண்கள். பெண்டாட்டி மண் அள்ளும்போது ஆம்பிளை எவ்வளவு நேரம்தான் பஞ்சாயத்து பேசுவான்? மண்வெட்டிகள் வந்தன. வெயில் சாய்வதற்குள் கடல் உள்ளே வந்தது. பவுர்ணமிக் கடல், அதனால் வேகமாக வந்தது.

நான் படகில் முழங்காலில் நிற்கக்கூட முடியாமல் ஜெபித்த அதே நேரத்தில், அம்மா மணலில் முழங்காலில் இருந்திருக்கிறாள். மாதா எனக்கு எப்படிப் பதில் சொன்னாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு நான் அவளிடம் சண்டை போட்டதே இல்லை.

என் வீட்டுக்காரரோ இன்றுவரைக்கும் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. "பவுர்ணமின்னா தண்ணி ஏறும்னு சொன்னேனா இல்லியா?" என்பார். "நீங்க சொன்னீங்க மாப்ள. தோண்டினது நானு" என்பாள் அம்மா. ஒவ்வொரு திருநாளிலும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இந்தச் சண்டைதான் முதல் பரிமாறல். குப்பமே சிரிக்கும்.

நேர்ச்சைப்படி வருஷம் தவறாமல் போகிறோம். மகளுக்கு அடைக்கலமேரி என்று பெயர். பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்குப் பிறகு இரண்டு தம்பிகளும் பிறந்து, நன்றாக இருக்கிறார்கள். எல்லாருமாகப் படகில் போவோம், ஆழமான தடத்தில்தான். அங்கே போனதும் நாங்கள் நேராக வீட்டுக்குப் போவதில்லை. முகத்துவாரத்துக்குப் போய் ஆளுக்கு ஒரு கை மணல் அள்ளிக் கரையில் போட்ட பிறகுதான் வீடு. வடக்குக் குப்பமும் தெற்குக் குப்பமும் இப்போது வெட்டுவதற்கு நாள் குறிப்பதே அம்மாவைக் கேட்டுத்தான். போன திருநாளில் அடைக்கலமேரி தனக்கென்று ஒரு குட்டிச் சட்டி கொண்டுவந்திருந்தாள்.

ஆகவே, மனம் உடைந்து இருக்கிறவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். வார்த்தை மறந்துபோனால் "தண்ணி குடு" என்று மட்டும் கேளுங்கள், மாதாவுக்குப் புரியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி அப்படிக் கேட்கிற சத்தம் உங்கள் காதில் விழுந்தால், ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சட்டியோடு எழுந்து போங்கள்.