சூரஜ் தாலுக்குப் போன குக்கர்

ரோத்தாங் கணவாயைத் தாண்டியதும் மரங்கள் நின்றுவிட்டன. அதற்கப்புறம் வெறும் மலைதான்: துரு நிறத்தில் ஒன்று, சாம்பலில் ஒன்று, வெயில் பட்டால் ஊதாவாக மாறும் இன்னொன்று. கீழே பாதாளத்தில் ஒரு நதி எங்கள் வண்டியோடு கூடவே வந்தது. ஜன்னலோரம் எனக்குத்தான் என்று அம்பத்தூரில் கிளம்பும்போதே சொல்லி வைத்திருந்தேன். பள்ளியில் வரைபடத்தில் செனாப் என்று நீலப் பென்சிலால் எத்தனை முறை கோடு இழுத்திருப்பேன்! அதன் ஒரு கிளை பிறக்கும் இடம் சூரஜ் தால் ஏரி. மறுநாள் மதியம் அங்கே இருப்போம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வரைபடத்தில் பார்த்ததை நேரில் போய்ப் பார்க்கிற முதல் ஆளும் நானாக இருக்கவேண்டும் என்று ஆசை.

அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்த சுற்றுலா அது. நடத்தியவர் அப்பாவின் ஃபோர்மேன். அரிசி மூட்டை, அண்டா, பம்ப் ஸ்டவ், எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்குச் சமைக்கும் மாஸ்டர் வரை எல்லாமே கூட வந்தன. இமயமலையே ஆனாலும் எங்கள் ஆட்களுக்குச் சோறு வேண்டும். ரொட்டி தின்றால் அது பலகாரக் கணக்கு.

அம்மாவின் மடியில் மட்டும் ஒரு குக்கர். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியதற்காகத் தொழிற்சங்க விழாவில் எனக்குக் கொடுத்த பரிசு. அம்மா அதை ஒருநாளும் அடுப்பில் ஏற்றியதில்லை. அலமாரியில் வைத்துத் துடைப்பதோடு சரி. பூட்டின வீட்டில் அதை விட்டுவர மனமில்லாமல், பழைய புடவையில் மூட்டை கட்டித் தூக்கி வந்துவிட்டாள்.

"இன்னாம்மா, பொண்ணோட சீரு வரிசையா? மாப்ள மேல மலையில கீறாரா?" என்று ஃபோர்மேன் வழியெல்லாம் கிண்டல் செய்தார்.

கேலாங்குக்கு மேலே ஒரு சிற்றூரில் தங்கினோம். அன்று மாலை சோறு வேகவில்லை. அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பருக்கையோ வெளியே குழைந்து உள்ளே கல்லாக இருந்தது. பசியில் அதையே தின்ற பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டன. காலையிலும் அதே கதை. வழியில் கட்டிக்கொண்டு போகப் புளிச்சோறு கிளற வேண்டும். மேலே கடை கிடையாது.

"அரிசி பயசு," என்றார் மாஸ்டர். "இல்லாங்காட்டி தண்ணி சரியில்ல. ஊரு பூரா கல்யாணத்துக்கு வடிச்ச கை இது. என்னாண்ட கோளாறு இல்ல."

ஃபோர்மேன் டிரைவரைக் கூப்பிட்டார். "சோறில்லாம கொயந்தைங்கள இட்டுகினு மேல போவ முடியாது. வண்டிய மணாலிக்குத் திருப்பு."

ஏரி இன்னும் கொஞ்ச தூரம்தான். கல்லூரியில் அந்த வருடம்தான் இயற்பியல் எடுத்திருந்தேன். முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, அரிசி மேலயும் தப்பில்ல, மாஸ்டர் மேலயும் தப்பில்ல. இவ்ளோ உயரத்துல காத்தோட அழுத்தம் கம்மி. அதனால தண்ணி சீக்கிரமே கொதிச்சிடுது, ஆனா அரிசி வேவுற அளவுக்குச் சூடு ஏறல. மூடி இறுக்கமா இருந்து ஆவி உள்ளயே நின்னா வெந்துடும்."

"கொதிக்கிற தண்ணில சூடு இல்லியாம்! காலேஜ் பாப்பா சொல்லுது, கேட்டுக்கோ மாஸ்டர்," என்று ஃபோர்மேன் சிரித்தார். பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. ஃபோர்மேன் எதிரில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "எம் பொண்ணு சொன்னா சரியாதான் இருக்கும் அண்ணாத்தே. ஒரு தபா பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு ஸ்டவ்வுக்குக் காற்றடிக்க உட்கார்ந்துவிட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"புச்சுடி. கரி புடிச்சிக்கும்."

"சோறாக்கத்தானம்மா குடுத்தாங்க?"

அம்மா ஃபோர்மேனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள்.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஸ்டவ் உறுமியது. நேரம் போகப் போக எனக்கே பயம் வந்தது; புத்தகத்தில் படித்ததோடு சரி, செய்து பார்த்ததில்லையே! அப்போது மூடி மேலிருந்த குண்டு லேசாக ஆடி, அந்தப் பள்ளத்தாக்கே கேட்கும்படி விசில் அடித்தது. குழந்தைகள் கைதட்டின. இறக்கி, ஆவி அடங்கியதும் மாஸ்டர்தான் மூடியைத் திறந்தார். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார். அது மாவாகக் கரைந்தது.

"மல்லிப்பூ மாரி கீதுபா!" என்று கத்திவிட்டு, அடுத்த ஈட்டுக்கு அவரே அரிசி களைந்தார்.

மதியம் வளைவு ஒன்றில் வண்டி திரும்பியபோது ஏரி வந்தது. கரையோரம் இன்னும் பனி. நடுவில் நான் எந்தப் பென்சிலிலும் பார்த்திராத நீலம். ஒரு மூலையில் தண்ணீர் மெல்ல வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோடு அங்கேதான் தொடங்குகிறது. எழுத்தே தெரியாத என் அப்பாவும் அம்மாவும் என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார்கள்.

கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். ஃபோர்மேன் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டு என்னிடம் திரும்பினார். "பாப்பா, அந்தத் தண்ணி சமாச்சாரத்த இன்னொரு தபா சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "இங்க காத்து கம்மிண்ணே. தண்ணி சும்மா குதிக்கும், சூடு இருக்காது. ஆவிய உள்ள பூட்டி வெச்சாதான் வேவும்." கரி பிடித்த குக்கரை மடியில் ஒருமுறை தட்டினாள். "சீரு வரிசைல வந்த சோறு எப்பிடிக் கீது?"