பிடிக்காதவர்களிடம் கொடுத்து வைப்பவள்

அம்மா பிராணிகள் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் சீட்டு எழுதினாள். ஜன்னலுக்கு உள்ளே ஒரு ஸ்டூல், வெளியே ஒரு வரிசை. வரிசையில் நாய், பூனை, எப்போதாவது கிளி. பிராணியின் பெயர், வயது, என்ன உபத்திரவம் என்று கேட்டு எழுதி, டோக்கன் கிழித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எல்லோரும் அவளைச் சீட்டம்மா என்பார்கள்.

அம்மாவுக்குப் பிராணிகள் மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போனவர்களைப் பற்றி எழுதும்போது கை தானாகப் புகழ்ச்சியை ஒரு பிடி கூடப் போட்டுவிடுகிறது. எங்கள் வீட்டில் ஒரு மீன்கூட வளர்ந்ததில்லை. நாய் முடி பட்டால் அவளுக்குக் கை தடித்துவிடும். வேலையிலிருந்து வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் என்னைத் தொடுவாள்.

அவளால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். வீடு போய்விட்டதால் நாயை விட்டுவிட்டுப் போக வருகிறவர்கள், அவள் ஜன்னலில் நின்று பொய் சொல்வது.

எங்கள் பகுதியில் வீடு போவது அடிக்கடி நடந்தது. பழைய குடியிருப்புகளை வாங்கி இடித்துக்கொண்டிருந்தார்கள். முப்பது நாள் அவகாசம். கிடைக்கிற புது வீடு பாதி அளவு இருக்கும், அதிலும் நாய் பூனை கூடாது என்பார்கள். குடும்பம் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, கடைசியாக நாயைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும்.

"தெருவுல கிடந்துச்சும்மா. பாவமா இருந்துச்சு, கொண்டாந்தேன்."

அம்மா பேனாவைக் கீழே வைப்பாள். "தெருவுல கிடந்த நாய் உங்க சட்டைப்பையை எதுக்கு மோந்து பாக்குது? பிஸ்கட் அதுலதானே வைப்பீங்க?"

அந்த ஆள் தலையைக் குனிவார். சிலர் அங்கேயே அழுதுவிடுவார்கள்.

"அழுவுறதை அப்புறம் வச்சுக்கலாம், பின்னாடி ஆள் நிக்குது. விட்டுட்டுப் போறீங்களா, குடுத்து வச்சுட்டுப் போறீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

விட்டுவிட்டுப் போனால் ஆஸ்பத்திரிக் கூண்டு, ஏழு நாள். அதற்குப் பிறகு நடப்பதை அம்மா வீட்டில் சொன்னதில்லை. கொடுத்து வைத்தால் அம்மாவின் பொறுப்பு. வேறு யார் வீட்டிலாவது தங்க வைப்பாள். சொந்தக்காரருக்கு வீடு கிடைத்ததும் திருப்பி வாங்கிக் கொடுப்பாள்.

டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. "சீட்டம்மா, இது ஆஸ்பத்திரியா, ஸ்டேஷன்ல சாமான் வைக்கிற ரூமா?"

"அங்கெல்லாம் ஒரு நாள்தான் டாக்டர் வைப்பாங்க. நான் கொஞ்சம் கூட வைக்கிறேன்."

முதன்முதலில் ஒரு பூனையை ஒரு டீச்சரிடம் கொடுத்து வைத்தாள். பூனை என்றால் டீச்சருக்கு உயிர். எட்டு மாதம் கழித்துச் சொந்தக்காரர் வந்தபோது, அது ஓடிப்போய்விட்டது என்றார் டீச்சர். சொல்லும்போதே அந்தப் பூனை அவருக்குப் பின்னால் ஜன்னலில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அது வேறு பூனை என்றார். அம்மா வாதாடவில்லை. முறையை மாற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து, பிராணி பிடிக்காதவர்களிடம் மட்டும்தான் கொடுத்து வைப்பாள்.

"பிடிச்சவங்க திருப்பித் தரமாட்டாங்கடி. பிடிக்காதவன்தான் எப்படா தொலையும்னு நாள் எண்ணிக்கிட்டு இருப்பான்."

பிடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும். இரவல் வாங்கிய குடையைக் காயவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கிற ரகம். மூக்கைச் சுளித்துக்கொண்டே வேளை தவறாமல் சாப்பாடு வைக்கிற ரகம். அப்படிப்பட்ட ஏழெட்டுப் பேரைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். ஒவ்வொருவரிடமும் போய், ரெண்டு மாசம்தான், கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிடும் என்று தலையில் கட்டிவிட்டு வருவாள். இரண்டு மாதத்தில் யாருக்கும் வீடு கிடைத்ததில்லை.

இன்னொரு விதி போன். பிராணி எங்கே இருக்கிறது என்று சொந்தக்காரரிடம் சொல்லமாட்டாள். நடுவில் வந்து பார்த்துவிட்டுப் போனால் அது மறுபடி ஒட்டாது என்பாள். அதற்குப் பதில், சொந்தக்காரர் மாதம் ஒண்ணாம் தேதி அம்மாவைக் கூப்பிட வேண்டும். நல்லாயிருக்கா என்று கேட்டால் போதும். மூன்று மாதம் சேர்ந்தாற்போல் போன் வரவில்லை என்றால் அவர் கைகழுவிவிட்டார் என்று பொருள். பிராணி வைத்திருப்பவருக்கே சொந்தம். "ரெண்டு பக்கமும் ஊஞ்சல் ஆடக்கூடாது. ஒரு பக்கம் நிக்கணும்."

இந்த இரண்டு விதிகளை வைத்துக்கொண்டு பதினோரு வருடத்தில் முப்பத்தெட்டுப் பிராணிகளைச் சொந்தக்காரர்களிடம் சேர்த்தாள். கடைசியாகக் கொடுத்து வைத்த நாயின் பெயர் மேனேஜர்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு பெண்ணின் நாய் அது. வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்ப்பதால் அந்தப் பெயர். அந்தப் பெண் குடியிருந்த கட்டடத்தை இடித்தார்கள். இரண்டு மகள்களுடன் தங்கை வீட்டு ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டாள். தங்கை வீட்டுக்காரர் நாயைப் படியேறவிடவில்லை. அம்மா அவளை வேன் பொண்ணு என்பாள்.

மேனேஜரை டெய்லர் மாஸ்டரிடம் கொடுத்து வைத்தாள். அறுபது வயதுத் தனியாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு.

"நாயா? எங்கிட்டயா? துணியெல்லாம் முடியாயிடும்மா."

"அந்தக் கவலை இருக்கிற ஆள்தான் மாஸ்டர் எனக்கு வேணும்."

வேன் பொண்ணு ஒண்ணாம் தேதி தவறாமல் போன் செய்தாள். காலை வண்டி எடுக்கும் முன், ஆறே காலுக்கு. எட்டு மாதம் இப்படிப் போனது.

பிறகு அம்மாவுக்கு உடம்புக்கு வந்தது. கணையத்தில் புற்று.

நான் லிஃப்ட் பரிசோதிக்கிறவள். ஒரு கயிறு எத்தனை பாரம் தாங்கும், எத்தனை இழை அறுந்தால் லிஃப்டை நிறுத்த வேண்டும் என்பதற்கெல்லாம் எங்களிடம் அளவு இருக்கிறது. அம்மா விஷயத்தில் அப்படி ஓர் அளவை யாரும் எனக்குத் தரவில்லை. அதனால் கைக்கு எட்டியதை எல்லாம் குறைத்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன். பார்க்க வருகிறவர்களைக் குறைத்தேன். அவள் போன் நாளெல்லாம் அடித்தது. அதைச் சத்தமில்லாமல் செய்து என் பைக்குள் போட்டுவிட்டேன்.

"இன்னிக்கு ஒண்ணாம் தேதி. வேன் பொண்ணு கூப்பிட்டாளா?" என்று கேட்டாள்.

கூப்பிட்டிருந்தாள். ஆறே காலுக்கு ஒன்று, மதியம் ஒன்று. பார்த்திருந்தேன். சொன்னால் போனைக் கேட்பாள். பேசுவாள். பேசினால் மூச்சு வாங்கும்.

"இல்லம்மா."

"வண்டி ரிப்பேரா இருக்கும்."

அடுத்த மாதம் மறுபடி கேட்டாள். மறுபடி இல்லை என்றேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருப்பாங்க, தேதி மறந்திருக்கும் என்றாள். மூன்றாவது மாதம் நான் இல்லை என்றதும், "அப்படிப்பட்டவ இல்லையே" என்றாள். அப்புறம் என் போனை வாங்கி மாஸ்டரைக் கூப்பிட்டாள்.

"மாஸ்டர், இனிமே அது உங்க நாய். வேன் பொண்ணு கைகழுவிட்டா. நீங்க கழுவிடாதீங்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டு நாளில் அம்மா போய்விட்டாள்.

அதிலிருந்து பதினெட்டாவது நாள் வேன் பொண்ணு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"சீட்டம்மா இருக்காங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினாள்.

"இதை இப்பக் கேக்கறது தப்புதான். மூணு மாசமும் போன் பண்ணினேன். எடுக்கலை. ஆஸ்பத்திரியில கேட்டா லீவுன்னாங்க. இன்னிக்குக் கம்பவுண்டர் கையைக் காலைப் பிடிச்சுத்தான் இந்த அட்ரஸ் வாங்கினேன். அவர்கூட விஷயத்தைச் சொல்லலை. எனக்கு வீடு கிடைச்சிடுச்சு. ஓனர்கிட்ட முதல் கேள்வியே நாயைப் பத்தித்தான். குழாயில தண்ணி வருமான்னுகூட அப்புறம்தான் கேட்டேன்."

டம்ளரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மா எம்மேல கோவமா இருந்தாங்களா?"

அந்தக் கேள்விக்கு முன் எனக்கு வேறு வழி இல்லாமல் போனது. "நீங்க கூப்பிட்டதை நான் அவங்ககிட்ட சொல்லலை. மூணு தடவையும் பாத்தேன். இல்லைன்னு சொல்லிட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ நான் கைவிட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டேதான் போனாங்களா?"

"ஆமா."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததற்கு இன்றைக்கும் நன்றியாக இருக்கிறது.

"நாயையாவது வாங்கிக் குடுங்க" என்றாள்.

அவள் வேனிலேயே போனோம். தெருமுனையில் அவளை இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் கடைக்குள் போனேன். மாஸ்டர் மெஷினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் கையைத் தைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் வாசலில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே விட்டது. கழுத்துப் பட்டையில் மாஸ்டரின் போன் நம்பரைச் சிவப்பு நூலில் தைத்திருந்தார்.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியை நகர்த்தாமல் கேட்டார்.

"உங்கம்மா எனக்கு வாக்குக் குடுத்தாங்க. போனவங்க வாக்கை நீங்க மாத்துறீங்களா?"

"அந்த வாக்கு நான் சொன்ன பொய் மேல நின்னுச்சு மாஸ்டர்."

"பொய் சொன்னது நீங்க. நாய் போறது எனக்கா?"

நியாயமான கேள்வி.

"ஒரு வருஷமாப் போகுது இது இங்க வந்து" என்றார். "சாப்பாடு வச்சேன். நடக்கக் கூட்டிட்டுப் போனேன். வாந்தி எடுத்தா அள்ளினேன். ஆனா ஒரு நாள்கூடக் கையால தடவிக் குடுக்கலை. அடுத்தவங்க பொருள். நாளைக்கே வந்து கேப்பாங்க. இது கிட்ட வந்து உரசும், நான் நகந்துக்குவேன். இந்த மாசம் ஒண்ணாம் தேதி உங்கம்மா போன் பண்ணினாங்க. போனை வச்சுட்டு அப்புறம்தாம்மா முதல் தடவையாத் தொட்டேன். கழுத்து இவ்வளவு சூடா இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வந்து சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது. அந்தப் பொண்ணுக்கும் என்னைத் தெரியாது. எதுக்கு வந்தீங்க?"

"அம்மா தன்மேல கோவமா இருந்தாங்களான்னு அவங்க கேட்டாங்க."

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எங்க அவங்க?"

"முனையில."

"வரச் சொல்லுங்க."

வேன் பொண்ணு வந்தாள். கடைக்கு உள்ளே வராமல் படிக்குக் கீழேயே நின்றாள். மேனேஜர் எழுந்தது. அவளை வழக்கம்போல மேலும் கீழும் பார்க்கவில்லை. உடம்பு முழுக்க நடுங்க, ஓர் அடி எடுத்து வைத்து, அவள் செருப்பை மோந்து, திரும்பி மாஸ்டரைப் பார்த்தது.

"கூப்பிட்டுப் பாக்கட்டுமா?" என்றாள். "எங்கிட்ட வருதா, உங்ககிட்ட இருக்குதான்னு..."

"வேணாம்மா. அந்தப் பாரத்தை அதுமேல ஏத்தாதீங்க. நாம மனுஷங்க, நாம பேசி முடிச்சுக்குவோம்." கத்தரியை எடுத்தார். பட்டையில் இருந்த சிவப்பு நூலை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். அவசரப்படவில்லை. "இடி இடிச்சா மெஷினுக்கு அடியில போய்ப் பூந்துக்கும். நான் மெஷினை ஓட்டுவேன், பயம் தெளிஞ்சுடும்."

"எங்க வீட்ல மெஷின் இல்லையே."

"மிக்சி இருக்கா?"

"இருக்கு."

"அதை ஓட்டுங்க. எதையாவது ஓட்டுங்க. அதுக்குத் தேவை ஒரு சத்தம்." பட்டையை அவள் கையில் கொடுத்தார். "முட்டையில மஞ்சக்கருவைத் தின்னாது. தின்ன மாதிரி நடிச்சு மூலையில துப்பிடும். நம்பிடாதீங்க."

"அது முன்னாடியே அப்படித்தான்" என்று வேன் பொண்ணு சொன்னாள். அப்போதுதான் அழுதாள். "நான் வேணா ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து காட்டட்டுமா?"

அவர் பிரித்த நூல் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். நாய் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் அவள் இழுக்காமல் தானும் நின்றாள்.

மாஸ்டர் பின்பக்கம் போனார். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு சின்ன மெத்தையோடு வந்தார். ஓரங்களில் இரட்டைத் தையல் போட்டிருந்தது. "இது இல்லாமப் படுக்காது. ஓடிப்போய்க் குடுங்க."

ஓடினேன். வேன் கிளம்பியிருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்து நிறுத்தினாள். முன் சீட்டில் மெத்தையைப் போட்டதும் நாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து படுத்தது. அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. கடைக்குத் திரும்பினேன்.

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"படுத்துச்சா?"

"படுத்துச்சு மாஸ்டர்."

சட்டையின் கை இன்னும் பாதியில் இருந்தது. அவர் மெஷினை ஓட்ட ஆரம்பித்தார். நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கிளம்புங்க என்று அவர் சொல்லவில்லை.